ஃபைலில் புது ஐபி, மெஷினில் பழைய ஐபி

மின் பராமரிப்புக்காக நிறுத்திய சர்வரைத் திரும்ப ஆன் செய்தபோது நெட்வொர்க்கில் அதைக் காணவில்லை. அதில் இருப்பது சென்ட்ஓஎஸ் 6 என்ற லினக்ஸ் இயங்குதளம். அதற்கான ஆதரவு 2020 நவம்பர் 30-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆனால் அதில் ஓடும் கணக்கு மென்பொருளில் கைவைக்க யாருக்கும் தைரியம் இல்லாததால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொலைவிலிருந்து உள்ளே போக வழியில்லை. சர்வர் அறையில் ஒரு தம்பி கன்சோல் முன்னால், நான் போனில்.

"அண்ணா, ஐபி 192.168.5.10-ன்னு காட்டுது."

அது பழைய முகவரி. 10.10.20.10-க்கு மாறிச் சில மாதங்கள் ஆகிவிட்டன. ஈத்0 என்பது நெட்வொர்க் கார்டின் பெயர். அதன் அமைப்புகள் எழுதிய, நெட்வொர்க்-ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரில் இருக்கும் ஐஎஃப்சிஎஃப்ஜி-ஈத்0 ஃபைலை வாசிக்கச் சொன்னேன். புது ஐபி, புது கேட்வே (வெளி நெட்வொர்க்குக்கான வாசல்), ஆன்பூட்=யெஸ் (மெஷின் துவங்கும்போதே இயக்கு), எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஃபைலில் ஒன்று, மெஷினில் வேறொன்று. அப்படியானால் இந்தப் பழைய முகவரி எங்கிருந்து வருகிறது?

நெட்வொர்க் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்து, திரையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். துப்பு முழுக்க அந்தப் படத்திலேயே இருந்தது. வழக்கமாக 'ஈத்0 இன்டர்ஃபேஸ் ஏற்றப்படுகிறது' என்று ஒரு வரி வரும். கார்டு கிடைக்காவிட்டால் அதே வரியில் 'டிவைஸ் ஈத்0 இருப்பதாகத் தெரியவில்லை' என்று தொடரும். இங்கே வரி பாதியிலிருந்து தொடங்கியது: 'இருப்பதாகத் தெரியவில்லை' என்பதற்கான ஆங்கிலம் மட்டும், ஓரத்தில் சிவப்பில் ஃபெயில்ட். எது இல்லை என்ற பெயரே கிடையாது. அதற்குக் கீழே ஈத்0.ஓல்ட் என்ற இன்டர்ஃபேஸ் ஜம்மென்று பச்சையில் ஓகே வாங்கியிருந்தது.

பெயர் காணாமல் போன வரியை முதலில் பிடித்தோம். நெட்வொர்க்-ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டருக்குள் போய், இன்டர்ஃபேஸை ஏற்றும் இஃப்அப் ஸ்கிரிப்டை, கட்டளைகளை ஓட்டும் ஷெல்லான பாஷில் -எக்ஸ் போட்டு ஓட்டச் சொன்னேன். இது ஒவ்வொரு கட்டளையும் ஓடுவதற்கு முன் அதைத் திரையில் காட்டும். கொட்டிய வரிகளுக்கு நடுவே ஒன்று:

டிவைஸ்=$'ஈத்0\ஆர்'

அந்த \ஆர் தான் ஆசாமி. விண்டோஸ் ஒவ்வொரு வரி முடிவிலும் சேர்க்கும் கேரேஜ் ரிட்டர்ன் என்ற எழுத்து. ஐபி மாற்றும்போது யாரோ ஃபைலை விண்டோஸ் லேப்டாப்பில் இறக்கித் திருத்தி ஏற்றியிருக்க வேண்டும். ஃபைலைத் திரையில் காட்டும் கேட் கட்டளையைச் சும்மா போட்டால் கண்ணுக்குத் தெரியாது. கேட் -ஏ போட்டால் ஒவ்வொரு வரி முனையிலும் ^எம்$ என்று வந்து நிற்கும். திரையில் பெயரைத் தின்றதும் இதுவே. ஈத்0 என்று எழுதி முடித்ததும் கர்சர் வரியின் தொடக்கத்துக்குத் தாவுகிறது, மீதி வாக்கியம் முன்பு எழுதியதன் மேலேயே விழுகிறது. ஃபைலுக்குள் ஒரே ஒரு காலி வரி இருந்திருந்தால்கூட, $'\ஆர்' என்ற கட்டளையைக் காணோம் என்று பாஷே கத்திக் காட்டிக்கொடுத்திருக்கும். ஃபைலை நெருக்கமாக எழுதியிருந்ததால் அந்த வாய்ப்பும் போனது.

இந்த ஃபைல்களை, அமைப்புகளை மட்டும் பிரித்தெடுக்கும் பார்சர் எதுவும் படிப்பதில்லை. பார்க்க வெறும் கான்ஃபிக் மாதிரி இருக்கும். ஆனால் இஃப்அப் அதை ஷெல் ஸ்கிரிப்டாகவே உள்ளே இழுத்து, ரூட் (நிர்வாகி) உரிமையோடு ஓட்டுகிறது. நேம்=ஆபீஸ் லேன் என்று மேற்கோள்குறி போடாமல் எழுதினால், லேன் என்ற கட்டளையை ஓட்டப் பார்க்கும். சமக்குறிக்கு இருபுறமும் அழகாக இடைவெளி விட்டாலும் அதே கதி. இதற்கு மேல், துவக்க ஸ்கிரிப்ட் ஆன்பூட் வரியைத் தனியாக ஈகிரெப் என்ற தேடல் கட்டளையை வைத்துத் தேடிக்கொள்கிறது. ஆக ஒரே ஃபைலுக்கு இரண்டு வாசகர்கள். ஆன்பூட்=நோ என்ற வரியின் முனையில் கேரேஜ் ரிட்டர்ன் இருந்தால் ஈகிரெப்புக்கு அது 'நோ'தான்; இஃப்அப்புக்கு அது 'நோ' இல்லை. இந்த வடிவமைப்பை எளிமை என்று புகழ்பவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை.

விண்டோஸ் வரிமுனைகளை மாற்றித் தரும் டாஸ்2யுனிக்ஸ் அந்த மெஷினில் இல்லை. உரையைத் திருத்தும் செட் கட்டளையை -ஐ என்ற குறியோடு வைத்து வரிமுனை \ஆர்-களை நீக்கி, மறுபடி ரீஸ்டார்ட். ஈத்0 பச்சை.

"அண்ணா, பக்கத்து சர்வர்லேர்ந்து பிங் போகுது. ஆனா வெளியிலேர்ந்து வரலையாம்."

நெட்வொர்க் பாதைகளைக் காட்டும் ஐபி ரூட் கட்டளையைப் போட்டால் டீஃபால்ட் கேட்வே பழையதாகவே இருந்தது. முகவரிகளைக் காட்டும் கட்டளைகளில் ஐஎஃப்கான்ஃபிக் ஒன்றைத்தான் காட்டியது. ஐபி அட்ர் இரண்டையும் காட்டியது. பச்சையில் ஓகே வாங்கிய அந்த ஈத்0.ஓல்டின் வேலை இது.

துவக்க ஸ்கிரிப்ட் அந்த ஃபோல்டரில் ஐஎஃப்சிஎஃப்ஜி என்று தொடங்கும் ஃபைல்களைப் பட்டியலிட்டு, வேண்டாதவற்றை ஒரு செட் பேட்டர்னால் கழிக்கிறது. ~, .பேக், .ஒரிஜ், .ஆர்பிஎம்நியூ, .ஆர்பிஎம்ஒரிஜ், .ஆர்பிஎம்சேவ் என்று முடிந்தால் கழியும். .ஓல்ட் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் ஐஎஃப்சிஎஃப்ஜி-ஈத்0.ஓல்டும் ஒரு இன்டர்ஃபேஸ் என்றே எடுத்துக்கொள்ளப்படுகிறது. உள்ளே டிவைஸ்=ஈத்0 என்றுதான் எழுதியிருக்கிறது, எனவே பழைய ஐபி அதே கார்டில் ஏறுகிறது. வரிசையில் ஈத்0-வுக்குப் பின்னால் வருவதால் டீஃபால்ட் ரூட்டையும், அதாவது வெளியே போகும் பாதையையும், பிடுங்கிக்கொள்கிறது. காலையில் புது ஃபைல் தோற்றுப்போக, ஓல்ட் மட்டும் ஜெயித்து நின்றதும் இப்படித்தான்.

நிர்வாகியான ரூட்டின் கட்டளை ஹிஸ்டரியைப் பார்த்தபோது மிச்சமும் விளங்கியது. பழைய ஃபைலை .ஓல்ட் என்று காப்பி எடுத்திருக்கிறார்கள். நல்ல பழக்கம், இடம்தான் தப்பு. புது முகவரியை ஐபி கட்டளையால் நேரடியாகப் போட்டு, பழையதை எடுத்துவிட்டிருக்கிறார்கள். வேலை நடந்ததால் சர்வீஸை யாரும் ரீஸ்டார்ட் செய்து பார்க்கவில்லை. இத்தனை மாதமாக அந்த ஃபைலை ஒருவரும் ஓட்டவே இல்லை.

ஓல்ட் ஃபைலை ரூட்டின் ஹோமுக்கு நகர்த்தி, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்து, நம்பிக்கை வராமல் மெஷினையே ஒருமுறை ரீபூட் செய்தோம். ஒரு ஐபி, ஒரு கேட்வே, வெளியிலிருந்தும் பிங்.

சென்ட்ஓஎஸ்ஸின் மூலமான ரெட் ஹாட் லினக்ஸில், ஆர்ஹெச்இஎல் 9-இல் இந்த நெட்வொர்க் ஸ்கிரிப்ட்களே இல்லை. அங்கே நெட்வொர்க்கைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர், கீஃபைல் என்ற தன் அமைப்பு ஃபைலைத் தானே பார்ஸ் செய்துகொள்கிறது, எதையும் ஷெல்லிடம் கொடுப்பதில்லை. ஆனால் அந்த அறையில் 6-இல் ஓடுபவை இன்னும் சில உண்டு. அவற்றிலும் கிரெப் -எல் $'\ஆர்' போட்டுத் தேடச் சொன்னேன். கேரேஜ் ரிட்டர்ன் எதிலும் இல்லை. ஆனால் ஒன்றில், பெயருக்குப் பின்னால் தேதி ஒட்டிய ஒரு ஐஎஃப்சிஎஃப்ஜி காப்பி அடுத்த ரீபூட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அதையும் அன்றே வெளியே எடுத்தாயிற்று.