குளிர் ஊரில் சோலார்: முதலில் கீசரைப் பாருங்கள்

எங்கள் கோத்தகிரி வீட்டுக் கூரையில் சோலார் பலகைகள் ஏறியதிலிருந்து, கோவையிலிருந்து வரும் உறவினர் பிள்ளைகள் கேட்பது ஒரே கேள்விதான்: "இந்தக் குளிர்ல இது வேலை செய்யுமா மாமா?" பலகைக்கு வெளிச்சம் இருந்தால் போதும், வெப்பம் அதற்கு ஆகாது. சிலிக்கான் பலகையின் சூடு 25 டிகிரியைத் தாண்டி ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி ஏறக்குறைய 0.4 சதவீதம் குறைகிறது என்பதால், சித்திரையில் கொதிக்கும் சமவெளி மொட்டைமாடியைவிட, மாசி மாதத்துத் தெளிந்த வானத்தின் கீழுள்ள மலைவீட்டுத் தகரக் கூரை அதற்கு இதமான இடம். மேகமும் மரநிழலும்தான் இங்கே தொல்லை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் உற்பத்தி படுத்துவிடும். பிற்பகலில் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக்கின் நிழல் ஓரத்துப் பலகையில் விழத் தொடங்கியதும், அந்த வரிசையே சுணங்கி, பலகையின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரின் திரையில் உற்பத்தி எண் மளமளவென்று இறங்குவதைக் காணலாம்.

ஆனால், மலையில் மின்கட்டணத்தைத் தீர்மானிப்பவை கீசரும் ரூம் ஹீட்டரும். மார்கழிக் காலையில் 12 டிகிரியில் வரும் 25 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய 1.4 யூனிட் செலவாகும்; 50 டிகிரியில் நிறுத்தினால் 1.1 யூனிட்டில் முடிந்துவிடும். இரண்டாயிரம் வாட் கீசருக்கு இது அரைமணி நேர வேலை என்பதால், குளிப்பதற்கு அரைமணி முன்பு போட்டு, தானாகவே அணைக்கும் டைமர் ஒன்றைப் பொருத்தினோம். இதற்கு 16 ஆம்பியர் தாங்கும் டைமர்தான் வேண்டும். விலை குறைவென்று 6 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக்கை வாங்கிக் கீசரில் மாட்டினால் உருகிவிடும்.

ரூம் ஹீட்டர் இன்னும் பெரிய தீனிக்காரன். இரண்டாயிரம் வாட் ஹீட்டர் விடாமல் மூன்று மணி நேரம் எரிந்தால் 6 யூனிட் போகும். ஒரு கிலோவாட் பலகையோ ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் அளவில்தான் தருகிறது. ஆகவே கதவின் அடியிடுக்கை அடைத்து, கனமான திரை போட்டு, 18 டிகிரி வந்ததும் அணைந்துகொள்ளும் தெர்மோஸ்டாட் ஹீட்டருக்கு மாறினோம். புதிதாக வாங்குவோர் வெப்பமும் தரும் இன்வெர்ட்டர் ஏசியைப் பரிசீலிக்கலாம். அது வெளிக்காற்றிலிருந்து சூட்டை இழுத்துத் தருவதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் அளவு வெப்பம் கிடைக்கும்.

பலகை விற்க வந்தவர் 5 கிலோவாட் போடச் சொன்னார். சூடாக்கும் செலவைக் குறைத்த பிறகு 2 கிலோவாட்டே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. 2024இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் இதற்கு மானியம் 60,000 ரூபாய். 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் 78,000 ரூபாய்தான். பகலில் மிஞ்சுவது மின்வாரியக் கம்பிக்குப் போய், நெட் மீட்டரில் இரவுச் செலவோடு கழிந்துவிடுகிறது.

ஒன்றை மட்டும் விற்பவர்கள் அழுத்திச் சொல்வதில்லை. மழைக்காலத்தில் கற்பூர மரம் கம்பிமேல் சாய்ந்து கரண்ட் போனால், கம்பியில் வேலை செய்பவரின் பாதுகாப்புக்காக இன்வெர்ட்டரும் தானே நின்றுவிடும். வெயில் அடித்தாலும் அப்போது வீட்டுக்கு மின்சாரம் வராது. மின்வெட்டிலும் விளக்கெரிய வேண்டுமென்றால், பேட்டரியோடு இயங்கும் ஹைபிரிட் இன்வெர்ட்டரைத் தொடக்கத்திலேயே கேட்டு வாங்க வேண்டும்.