எந்த ஸுஃப்யான்? ஹதீஸ் ஆய்வு படிக்கும் தம்பிகளுக்கு

மத்ரஸாவில் முஸ்தலஹ் (நபிமொழிகளான ஹதீஸ்களை ஆயும் விதிகள்) பாடத்தில் எனக்கு எப்போதும் நல்ல மதிப்பெண்தான். அந்த விதிகளைப் பாட்டாகச் சொல்லும் பைகூனிய்யாவின் 34 அடிகளையும் தடங்கலில்லாமல் ஒப்பிப்பேன். ஸஹீஹுக்கான (ஆதாரப்பூர்வமான ஹதீஸுக்கான) ஐந்து நிபந்தனைகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்: அறிவிப்பாளர் தொடர் அறுபடக்கூடாது, அறிவிப்பாளர் நேர்மையானவராகவும் நினைவாற்றல் உள்ளவராகவும் இருக்க வேண்டும், ஷாத் (தம்மைவிட வலுவானவர்களுக்கு முரணாக அறிவிப்பது) இருக்கக்கூடாது, இல்லத் (மறைந்திருக்கும் குறை) இருக்கக்கூடாது.

அப்புறம் தக்ரீஜ் (ஹதீஸை மூல நூல்களில் தேடி, தொடரை ஆய்வது) தேர்வு வந்தது. இமாம் புகாரியின் தொகுப்பிலிருந்து முதல் ஹதீஸைக் கொடுத்து, தொடரில் வரும் ஒவ்வொருவரும் யார் என்று எழுதச் சொன்னார் உஸ்தாத். ஹுமைதீக்கு அறிவித்தவர் ஸுஃப்யான். அவ்வளவுதான் இருக்கிறது, தந்தை பெயர் இல்லை. ஸுஃப்யான் என்ற பெயரில் பெரிய அறிஞர்கள் இருவர்: ஸுஃப்யான் அஸ்ஸவ்ரீ, ஸுஃப்யான் இப்னு உயைனா. எனக்கு அதிகம் பழகிய பெயர் ஸவ்ரீ. அதையே எழுதிவிட்டேன்.

விடைத்தாளின் ஓரத்தில் உஸ்தாத் இறந்த ஆண்டுகளை மட்டும் ஹிஜ்ரியில் குறித்திருந்தார். ஸவ்ரீ 161, இப்னு உயைனா 198, ஹுமைதீ 219. ஆண்டுகளை வைத்துச் சந்தேகப்படலாம், முடிவு கட்ட முடியாது. அறிவிப்பாளர்களைப் பற்றிய நூலான, இமாம் மிஸ்ஸியின் தஹ்தீபுல் கமாலை எடுத்து ஹுமைதீயின் ஆசிரியர் பட்டியலைத் தேடினேன். இப்னு உயைனா இருந்தார், ஸவ்ரீ இல்லை.

"ரெண்டு பேரும் நம்பகமானவங்கதானே உஸ்தாத், யாரா இருந்தா என்ன?" என்று கேட்டேன். "அப்துல் கரீம்னு ஒரு பேர் வந்தா என்ன செய்வே?" என்றார். தேடிப் பார்த்த பிறகுதான் கேள்வியின் கனம் புரிந்தது. அப்துல் கரீம் அல்ஜஸரீ நம்பகமானவர், அப்துல் கரீம் இப்னு அபில் முகாரிக் பலவீனமானவர். ஒரே காலத்தவர்கள், ஆசிரியர்களிலும் பலர் பொது. ஆளை மாற்றிப் பிடித்தால் ளயீஃபான (பலவீனமான) ஹதீஸை ஸஹீஹ் என்று சொல்லிவிடுவோம். அன்று எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

ஆளைச் சரியாகப் பிடித்தாலும் வேலை முடியாது. அறிவிப்பாளர் 'ஸதூக்' (உண்மையாளர்) என்றால் அவர் ஹதீஸ் ஹஸன் (ஸஹீஹுக்கு அடுத்த தரம்) என்று நோட்டில் எழுதி வைத்திருப்போம். ஸிமாக் இப்னு ஹர்ப் என்ற அறிவிப்பாளர் பற்றி, ஒவ்வொருவரையும் சுருக்கமாக எடைபோடும் இப்னு ஹஜரின் தக்ரீபிலும் ஸதூக் என்றுதான் இருக்கும். ஆனால் அதே வரியில், இக்ரிமா வழியாக அவர் அறிவிப்பவற்றில் குளறுபடி உண்டு என்றும் இருக்கும். முதல் சொல்லோடு புத்தகத்தை மூடுபவர்கள்தான் அதிகம். நானும் மூடியிருக்கிறேன்.

அதனால் தக்ரீபைக் கடைசியில் திறங்கள். முதலில் ஒரே ஒரு ஹதீஸை எடுத்து, அது வரும் நூல்களையெல்லாம் தேடி, தொடர்கள் எங்கே பிரிகின்றன, எங்கே சேர்கின்றன என்று ஒரு பெரிய தாளில் கோடு போடுங்கள். யார் தனித்து நிற்கிறார், யார் ஒரு சொல்லைக் கூட்டிவிட்டார் என்பது அந்தத் தாளில்தான் தெரியும். சாஃப்ட்வேர் தேடித் தரும். கோடு மட்டும் உங்கள் கையால் விழட்டும்.

பயிற்சிக்கு இமாம் திர்மிதீயின் ஹதீஸ் தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான ஹதீஸ்களின் கீழேயே இமாம் தம் முடிவைச் சொல்லியிருப்பார். அந்த வரியைத் தாளால் மறைத்துவிட்டு, உங்கள் முடிவைக் காரணத்தோடு எழுதுங்கள். எழுதி முடித்த பிறகு தாளை எடுங்கள்.