நான்கு நிமிடத்துக்குள் ஒரு வயல்

தொழிற்சாலையில் தயாராகும் சிறு விமானத்துக்கு ஒரு கையேடு உண்டு. எஞ்சின் நின்றுபோனால் எந்த வேகத்தில் இறங்கினால் அதிக தூரம் போகலாம் என்பதை அதில் அச்சிட்டிருப்பார்கள். அந்த எண்ணை மனப்பாடம் செய்துகொண்டால் போதும். சொந்தமாகக் கட்டிய விமானத்துக்கோ அதைக் கட்டியவரேதான் அந்த எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். அமெரிக்காவில் பறப்புப் பயிற்சி ஆசிரியராக வேலை பார்த்த காலத்தில், கார் ஷெட்டில் அலுமினியத் தகடுகளுக்கு ரிவெட் அடித்து வருடக்கணக்கில் விமானம் கட்டியவர்கள் பலருக்கு அந்த எண்ணைத் தேடும் முறையைச் சொல்லிக் கொடுத்து, சோதனைப் பறப்புக் காலம் முடிந்த பின் கூடவே பறந்து சரிபார்த்திருக்கிறேன். இப்போது ஊர் திரும்பி, நாகர்கோவிலுக்கு அருகில் ஒரு பொறியியல் கல்லூரியில் வானூர்திப் பொறியியல் மாணவர்களுக்கு அதையே பாடமாக நடத்துகிறேன்.

விமான நிலையமே இல்லாத மாவட்டத்தில் இந்தப் பாடம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மும்பையில் வீட்டு மொட்டைமாடியில் விமானம் கட்டிய அமோல் யாதவுக்கு 2019இல் பறக்க அனுமதி கிடைத்தது. காது கேளாத, வாய் பேசாத இடுக்கி மாவட்டத்துச் சஜி தாமஸ் தானே கட்டிய சிறு விமானம் நமக்குப் பக்கத்தில் அம்பாசமுத்திரம் வட்டாரத்தில்தான் பறந்தது. இந்த ஆசை எந்த ஊரில் முளைக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. முளைத்த இடத்தில் முதலில் தெரிந்திருக்க வேண்டியது எஞ்சின் இல்லாமல் இறங்கும் வித்தை என்பது என் கட்சி. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012இல் வெளியிட்ட ஆய்வு, சொந்தமாகக் கட்டிய விமானங்களின் விபத்துகளில் எஞ்சின் சார்ந்த கோளாறுகளும் கட்டுப்பாட்டை இழப்பதுமே முன்னணியில் நிற்கின்றன என்றும், அவற்றில் கணிசமான பங்கு விமானத்தின் தொடக்கக் காலப் பறப்புகளிலேயே நேர்கின்றன என்றும் கண்டது.

எண்ணைக் கண்டுபிடிப்பது கடினமான காரியம் அல்ல. பொறுமை வேண்டும், அவ்வளவுதான். காற்றோட்டம் அடங்கிய விடியற்காலையில் போதிய உயரத்துக்கு ஏறி, எஞ்சினை ஐடிலுக்கு, அதாவது நின்றுவிடாமல் மட்டும் ஓடும் நிலைக்குக் குறைத்து, ஒரே வேகத்தைப் பிடித்துக்கொண்டு 500 அடி இறங்க எத்தனை வினாடி ஆகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு 5 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர்) கூட்டி மறுபடியும், இன்னும் 5 நாட் கூட்டி மறுபடியும். வேகத்தைப் படுக்கைக் கோட்டிலும் இறங்கும் வீதத்தைச் செங்குத்துக் கோட்டிலும் போட்டால் ஒரு வளைகோடு கிடைக்கும். பூஜ்ஜியப் புள்ளியிலிருந்து அந்த வளைகோட்டுக்கு ஒரு தொடுகோடு வரைந்தால், அது தொடும் இடமே அந்த விமானம் மிக அதிக தூரம் மிதந்து போகும் வேகம். ஆனால் ஐடிலில் ஓடும் எஞ்சின், நின்றுபோன எஞ்சின் ஆகாது. ஐடிலில்கூட எஞ்சின்தான் புரொப்பெல்லரைச் சுழற்றிக்கொண்டிருக்கும். எஞ்சின் செத்துவிட்டால் காற்று புரொப்பெல்லரைச் சுழற்ற, அது பெரிய தடையாக மாறிவிடும். ஆகவே தாளில் வந்த தூரத்தை அப்படியே நம்பாமல் கணிசமாகக் குறைத்தே மனத்தில் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு கணினிச் சிமுலேட்டர் இருக்கிறது. எஞ்சினை நான் அணைத்ததும் மாணவர்கள் செய்யும் முதல் காரியம் ஸ்டிக்கைப் பின்னால் இழுப்பதுதான். மூக்கைத் தூக்கினால் தூரம் கூடும் என்று கை நினைக்கிறது. முதல் சில வினாடிகள் அது உண்மைபோலவும் தோன்றும். பிறகு வேகம் வற்றி, இறங்கும் வீதம் கூடி, நிதானமாக வந்திருந்தால் தாண்டியிருக்கக்கூடிய மரவரிசைக்கு முன்னாலேயே விமானம் விழுந்துவிடும். இழுத்து நீட்ட முடியாத ஒன்று இது. கண்ணாடியில் எந்தப் புள்ளி மேலும் ஏறாமல் கீழும் இறங்காமல் அசையாது நிற்கிறதோ அங்கேதான் போய்ச் சேரப்போகிறோம். மேலே ஏறிக்கொண்டிருக்கும் புள்ளி நமக்கு எட்டாது, கீழே நழுவும் புள்ளியை நாம் தாண்டிவிடுவோம். இந்த ஒன்றைக் கண் பழகிவிட்டால், உயரம் மிஞ்சும்போது இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ஃபிளாப்பை இறக்கியோ, வாலில் உள்ள ரட்டரை ஒரு பக்கமும் இறக்கையை மறுபக்கமும் சாய்த்து விமானத்தைக் குறுக்காக நழுவவிட்டோ கரைத்துவிடலாம். மிஞ்சிய உயரத்துக்கு வழி உண்டு. குறைந்த உயரத்துக்கு எந்த வழியும் கிடையாது.

பெட்ரோல் டேங்கை மாற்றுவது, பம்பைப் போடுவது, கார்புரேட்டருக்குச் சூடான காற்றைத் திறப்பது, எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவைச் சரிபார்ப்பது எல்லாம் செய்ய வேண்டியவைதான். நம் ஊர் ஈரக்காற்றில் வெயில் நாளிலும் கார்புரேட்டருக்குள் பனி பிடிக்கும் என்றால் மாணவர்கள் நம்ப மறுக்கிறார்கள். ஆனால் இவை எல்லாமே வேகத்தைப் பிடித்து, இறங்கும் இடத்தை நோக்கித் திரும்பிய பிறகு.

அந்த இடத்தைத் தேர்வதுதான் பாடத்தின் கனமான பகுதி. அதை வகுப்பறையில் நடத்த முடியாது என்று தோன்றியதால், ஆண்டுதோறும் மாணவர்களை மருந்துவாழ்மலைக்கு அழைத்துச் சென்று, கீழே தெரியும் நிலத்தைக் காட்டி எங்கே இறக்குவீர்கள் என்று கேட்கிறேன். முதல் பதில் எப்போதும் நான்குவழிச் சாலை. சாலையில் லாரி இருக்கும், நடுவே தடுப்புச்சுவர் இருக்கும், குறுக்கே மின்கம்பி இருக்கும். கம்பி மேலிருந்து கண்ணுக்குத் தெரியாது, கம்பங்களின் வரிசையைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். இரண்டாவது பதில் கடற்கரை. ஆனி, ஆடியில் அலை மணலை அரித்துச் சரிவாக்கிவிடும்; மிச்சம் இருக்கும் இடத்தில் வள்ளங்களும் வலைகளும் ஆட்களும். தென்னந்தோப்பையும் ரப்பர் தோட்டத்தையும் கழித்து, குளங்களையும் கழித்தால் நாஞ்சில் நாட்டு வயல்கள்தான் மிஞ்சுகின்றன. அவையும் வரப்பு வரப்பாகத் துண்டுபட்டவை.

ஒருமுறை மலையிலிருந்து இறங்கி, தேர்ந்தெடுத்த வயலை நேரில் பார்ப்போம் என்று டேப்போடு போனோம். வரப்பில் நின்ற பெரியவர் ஒருவர் முகம் சுருங்கிப்போய், “என்னத்த அளக்குதீங்க சார், ரோடு வருதா?” என்றார். சாலைக்காக நிலம் பறிபோன மாவட்டத்தில் அந்தக் கேள்வி நியாயமானது. “இல்ல அண்ணாச்சி, பிளேன் எறக்க எடம் பாக்கோம்” என்று ஒரு மாணவன் சொன்னதும் அவருக்கு உயிர் வந்தது. “அப்போ மாசி, பங்குனியில எறக்குங்க. கும்பப்பூ அறுத்தாச்சுன்னா தரை காஞ்சு கெடக்கும். கன்னிப்பூ அறுத்த கையோட தண்ணிய விட்டுருவோம், மாடே தாந்துபோவும்” என்றார். கும்பப்பூவும் கன்னிப்பூவும் இங்கத்து நெல் போகங்கள். நான் ஒரு மணி நேரம் சொல்லியிருக்கக்கூடியதை அவர் மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டார். சேற்றில் முன்சக்கரம் புதைந்தால் சிறு விமானம் தலைகுப்புறக் கவிழும். இறக்கை கீழேயும் கண்ணாடிக் கூரை மேலேயும் உள்ள வகையாக இருந்தால் உள்ளிருப்பவர் வெளியே வர வழி அடைபடும். அதனால்தான் அத்தகைய விமானங்களைக் கட்டுபவர்கள் பலர் கூரையை உடைக்கும் சிறு கருவி ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் மாட்டி வைத்திருப்பார்கள்.

இடத்தைவிடக் காற்று இங்கே பெரிய விஷயம். ஓர் அடி உயரத்துக்கு 9 அடி தூரம் போகும் விமானம் 3,000 அடியில் இருந்தால் காற்றில்லாத நாளில் 8 கிலோமீட்டருக்குச் சற்று மேலே போகும். 70 நாட் வேகத்தில் அதற்கு நான்கு நிமிடத்துக்கும் கொஞ்சம் குறைவு. தென்மேற்குப் பருவத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் புகுந்து வரும் காற்று 30 நாட் என்று வைத்துக்கொண்டால், அதை எதிர்த்துப் போகும்போது அதே விமானம் 5 கிலோமீட்டரைக்கூட எட்டாது. அதன் போக்கில் போனால் 11 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். நான்கு நிமிடம் மட்டும் மாறுவதில்லை. தரையைத் தொடும்போது கணக்கு தலைகீழாகிறது. 50 நாட்டில் தொடும் விமானம் 10 நாட் எதிர்க்காற்றில் நிலத்தைச் சந்திப்பது 40 நாட்டில், பின்காற்றில் 60 நாட்டில். கவிழ்ந்தாலும் மோதினாலும் உடம்பு தாங்க வேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்காகிறது. காற்றின் திசையை அறிய முப்பந்தல் காற்றாலைகளைப்போல் வசதியான அடையாளம் வேறு எந்த ஊரிலும் எனக்குக் கிடைத்ததில்லை. எல்லாத் தலைகளும் காற்று வரும் பக்கம் பார்த்தபடி நிற்கும். காற்றாலை கண்ணில் படாவிட்டால் குளத்தைப் பார்க்கலாம். காற்று வரும் பக்கத்துக் கரையை ஒட்டிய நீர் மட்டும் அலையின்றிப் பளபளவென்றிருக்கும்.

இவ்வளவும் கற்றுக்கொள்ளக்கூடியவை. கட்டியவருக்கு மட்டும் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது, அதை எந்தச் சிமுலேட்டரும் காட்டாது. அமெரிக்காவில் ஒரு நண்பர் ஓட்ட, நான் வலப்பக்க இருக்கையில் இருந்தபோது எஞ்சின் இருமி நின்றது. டேங்கின் இணைப்புகளில் பூசிய சீலன்ட் துணுக்குகள் உதிர்ந்து வடிகட்டியை அடைத்திருந்தன என்பது பின்னால் தெரிந்தது. எங்களுக்கு நேர் கீழே உழுத நிலம், எதிர்க்காற்றுக்கு நேராக. அவரோ தூரத்தில் தெரிந்த ஓடுபாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். வேகம் சரியாக இருந்தது, கை நடுங்கவில்லை, கணக்கும் தெரிந்தவர். ஆனால் உழவுச்சாலில் இறக்கினால் சக்கரம் போகும், சக்கரத்துக்கு மேல் அவர் தாமே வார்த்து, தேய்த்து, வண்ணம் பூசிய ஃபைபர் உறை போகும். ஓடுபாதைப் புள்ளி கண்ணாடியில் மெல்ல மேலேறிக்கொண்டிருந்தது. நான் அதை விரலால் காட்டினேன், வாய் திறக்கவில்லை. அவர் ஒரு பெருமூச்சு விட்டு நிலத்தின் பக்கம் திரும்பினார். இருவரும் நடந்தே வெளியே வந்தோம். இறங்கியதும் அவர் முதலில் குனிந்து தடவியது பிளந்துபோன அந்தச் சக்கர உறையை.

விலைக்கு வாங்கிய விமானத்தை எஞ்சின் நின்ற நொடியில் கைகழுவிவிடலாம். தன் கையால் செய்ததை அப்படி விட மனம் வராது. அந்தத் தயக்கம் தின்றுவிடும் அரை நிமிடம் நான்கு நிமிடத்தில் எட்டில் ஒரு பங்கு. ஆகவே பறப்பதற்கு முன்பே, தரையில் நின்று, இதை உடைக்கத் தயார் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு ஏறச் சொல்வேன். சிலர் சிரிப்பார்கள். சொல்லாமல் ஏறியவர்களோடு நான் பறந்ததில்லை.

இப்போது தேர்வில் ஒரு கேள்வி வைக்கிறேன்: ஆனி மாதம், ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்துத் தோவாளைக்கு மேலே 3,000 அடி, எஞ்சின் நின்றுவிட்டது, வரைபடத்தில் இறங்கும் இடத்தைக் குறித்துக் காரணம் எழுதுக. தொலைவில் உள்ள நீண்ட, சமமான மைதானத்தைக் காற்றுக்கு எதிராக எட்டிப் பிடிக்கப் பார்ப்பவருக்குப் பாதி மதிப்பெண். பக்கத்தில் உள்ள சேற்று வயலைக் குறித்து, சக்கரம் புதையும், விமானம் கவிழலாம், கூரையை உடைக்கும் கருவி இடக்கைப் பக்கம் என்று எழுதியவருக்கு முழு மதிப்பெண் போட்டேன். சக ஆசிரியர் ஒருவர், விமானத்தை உடைத்தவனுக்கா நூறு என்று கேட்டார். ஆமாம் என்றேன்.