அலமாரியில் இருந்த ஓஎம்-1: பழுதுபார்ப்பு நாட்குறிப்பு

ஜனவரி 6

நண்பர் ஒருவர் தம் தந்தையாரின் ஒலிம்பஸ் ஓஎம்-1 கேமராவை இன்று என்னிடம் ஒப்படைத்தார். “அப்பா போனதுக்கப்புறம் யாரும் தொடவே இல்லைங்க. இருபது வருஷமா அலமாரியிலேயே பத்திரமா இருந்தது, ஒண்ணும் ஆகியிருக்காது” என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. ஆனால் நாள்தோறும் கையில் புழங்கிய கேமராவைவிட, பத்திரமாகப் பூட்டி வைக்கப்பட்ட கேமராவைக் கண்டால்தான் எனக்கு அச்சம் அதிகம். பித்தளைப் பற்சக்கரமும் எஃகுச் சுருள்வில்லும் எளிதில் கெட்டுவிடுவதில்லை. அவற்றுக்கிடையே தடவப்பட்ட கிரீஸும், ஒளிக்கசிவை அடைக்கும் ஃபோமும், ஃபிலிமின் மேல் ஒளியைத் திறந்து மூடும் ஷட்டரின் திரைத்துணியில் உள்ள ரப்பர் பூச்சும் சும்மா இருக்கும்போதே முதுமையடைந்துவிடுகின்றன.

யோஷிஹிசா மைதானி வடிவமைத்த இந்தக் கேமரா 1972இல் எம்-1 என்ற பெயரில் வெளிவந்து, மறு ஆண்டு ஓஎம்-1 ஆயிற்று. இதன் ஷட்டர் முழுக்க முழுக்க இயந்திர விசையால் இயங்குவது. வெளிச்சத்தை அளந்து காட்டும் ஒளிமானிக்கு மட்டுமே பேட்டரி வேண்டும். இதைத் தொடலாம் என்ற துணிவு எனக்கு வந்ததே அதனால்தான். 1981இல் வந்த மினோல்ட்டா எக்ஸ்-700 போன்ற மின்னணுக் கேமராவில் கெட்டுப்போன கெப்பாசிட்டரையாவது மாற்றிவிடலாம். ஐசி எனும் மின்சுற்றுச் சில்லு போய்விட்டால், அதே மாதிரியில் இன்னொன்றைப் பிரித்துத்தான் அதற்கு உயிர் கொடுக்க வேண்டும்.

ஜனவரி 7

பின்கதவைத் திறந்தேன். பள்ளங்களில் இருந்த ஃபோம் தார்போல உருகி, தொட்ட விரலில் ஒட்டிக்கொண்டது. மூங்கில் குச்சியின் நுனியைத் தட்டையாகச் சீவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, அங்குலம் அங்குலமாகச் சுரண்டி எடுக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. அந்தத் துகள் ஒன்றே ஒன்று ஷட்டர் திரையில் ஒட்டினாலும் திரையின் ஓட்டம் தடைபடும் என்பதால், திரையின் மேல் ஒரு தாளை வைத்து மறைத்துக்கொண்டே வேலை செய்தேன்.

பள்ளங்களில் ஃபோமுக்குப் பதிலாகக் கறுப்புக் கம்பளி நூலைப் பதித்தேன், அது உருகாது. உள்கண்ணாடி மேலெழும்பி மோதும் இடத்தில் மட்டும் புது ஃபோம்தான் வேண்டும். அதன் பசைப் பக்கத்தைச் சற்று நீரால் நனைத்துக்கொண்டால் உடனே ஒட்டாது. இடுக்கியால் நகர்த்திச் சரியான இடத்தில் வைத்து அழுத்த அவகாசம் கிடைக்கும்.

ஜனவரி 11

கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் குறுக்கே ஒரு பழுப்புக் கோடு தெரிந்ததால் மேல்மூடியைக் கழற்றியே ஆக வேண்டியிருந்தது. ஜப்பானியக் கேமராக்களின் திருகுகள் பார்ப்பதற்குச் சாதாரணக் கூட்டல்குறித் தலை போலவே இருந்தாலும், அவற்றின் பள்ளம் வேறு. வழக்கமான ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருகினால் நுனி வழுக்கி மேலேறி, திருகின் தலையைச் சிதைத்துவிடும். ஜப்பானியத் தர அளவில் செய்த ஸ்க்ரூடிரைவர் ஒரு தொகுதி வாங்கிய பிறகுதான் நான் கேமராக்களைத் திறக்கவே தொடங்கினேன்.

நான் அஞ்சியபடியே, காட்சியை வியூஃபைண்டருக்குத் திருப்பும் கண்ணாடிக் கட்டியான ப்ரிஸத்தை ஒட்டியிருந்த ஃபோம் மக்கி, அதன் வெள்ளிப்பூச்சைத் தின்றிருந்தது. இந்த மாதிரியில் அடிக்கடி காணும் நோய் இது. போன பூச்சை வீட்டு மேசையில் மீட்க முடியாது. மிச்சமிருந்த ஃபோமை முழுவதும் அகற்றி, அரிப்பு மேலும் பரவாமல் தடுத்ததோடு நிறுத்திக்கொண்டேன். கோடு கண்ணுக்குத் தெரியுமே தவிர, படத்தில் விழாது.

ஜனவரி 18

ஷட்டர் வேகங்களைச் சோதித்த நாள். பின்கதவைத் திறந்து வைத்து, கைபேசியில் வினாடிக்கு 240 ஃபிரேம் வீதம் காணொளி எடுத்து, திரை திறந்திருக்கும் ஃபிரேம்களை எண்ணினேன். ஒரு வினாடி என்ற அமைப்பில் 240 வர வேண்டிய இடத்தில் 338 வந்தது; 1/8இல் 30க்குப் பதில் 41. மெதுவான வேகங்களில் திரை மூடுவதைத் தாமதிக்கும் பற்சக்கரங்களில் கிரீஸ் இறுகிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

பழகத் தொடங்கிய காலத்தில், இப்படித் தயங்கிய ஒரு ஷட்டருக்குள் நான் எண்ணெய் விட்டேன். ஒரு வாரம் அழகாக ஓடியது; பிறகு எண்ணெய் திரையில் பரவி, துணி பாழாயிற்று. அந்தக் கேமராவை என்னால் மீட்கவே முடியவில்லை. அதனால் இன்று ஒரு சொட்டுக்கூட விடவில்லை. மெதுவான வேகங்களில் நூறு முறை இயக்கி, ஓர் இரவு விட்டு, மறுபடி எண்ணிப் பார்ப்பதென்று முடிவு செய்தேன்.

ஜனவரி 19

மறுபடி எண்ணியபோது 240க்கு 262, 30க்கு 33. ஒன்பது பத்து விழுக்காட்டுப் பிழையை நெகட்டிவ் ஃபிலிம் உணரவே உணராது. பற்சக்கரத் தொகுதியை கிரீஸைக் கரைக்கும் நாஃப்தாவில் கழுவலாம் என்ற ஆசை எழத்தான் செய்தது. ஆனால் ஓடுகின்ற ஒன்றைப் பிரிப்பது பழுதுபார்ப்பு ஆகாது என்று கருதி மேல்மூடியைப் பூட்டிவிட்டேன்.

ஜனவரி 25

ஒளிமானி. இது 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காக அமைக்கப்பட்டது. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அவ்வகை பேட்டரிகளின் காலம் முடிந்தது. 1.5 வோல்ட் ஆல்கலைன் போட்டால் முள் அளவுக்கு மீறி ஏறி, இல்லாத வெளிச்சத்தைக் காட்டும். அதை நம்பி எடுத்தால் படம் இருண்டுவிடும். பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக்கின் சமநிலைச் சுற்று மின்னழுத்த மாற்றத்தைப் பொருட்படுத்தாது. அந்த வசதி இதில் இல்லை. காதுக்கருவிகளுக்கான 675 துத்தநாகக் காற்று பேட்டரியை ரப்பர் வளையத்துக்குள் பொருத்தினேன். அது ஏறக்குறைய 1.4 வோல்ட் தரும். என் கையடக்க ஒளிமானியோடு முள் ஒத்துப்போயிற்று. ஸ்டிக்கரை உரித்ததும் காற்றுப்பட்டு உயிர்பெறும் இந்த பேட்டரி, பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் சில மாதங்களில் தீர்ந்துவிடும்.

பிப்ரவரி 8

ஐஎஸ்ஓ 200 ஃபிலிம் ஒன்றில் 36 படங்களை, ஒவ்வொன்றின் வேகத்தையும் குறித்துக்கொண்டு எடுத்து, கழுவிப் பார்த்தேன். ஒளிக்கசிவு எங்கும் இல்லை. 1/500 வரை சீரான அடர்த்தி. 1/1000இல் எடுத்த நான்கு படங்களிலும் ஓர் ஓரம் இருண்டிருந்தது: ஒளியைத் திறந்துவிடும் முதல் திரை தயங்குவதால், பின்னால் மூடிக்கொண்டே வரும் இரண்டாம் திரை நெருங்கிவந்து, ஒளி புகும் இடைவெளி போகப்போகக் குறுகுகிறது. சுருள்வில்லை இறுக்கினால் இந்த இருட்டு மறைந்துவிடும். ஆனால் அழுக்கால் வந்த தயக்கத்தை விசையால் மறைப்பது, தேய்ந்துவரும் துணிக்கும் அதை இழுக்கும் கயிறுகளுக்கும் கூடுதல் சுமை. நான் இறுக்கவில்லை.

நண்பருக்குக் கொடுக்கும் உறையில் ஒரு தாளை எழுதி வைத்திருக்கிறேன்: “1/1000 வேண்டாம், 1/500 போதும். மாதம் ஒருமுறை எல்லா வேகங்களிலும் இயக்குங்கள். எடுத்து வைக்கும்போது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். அலமாரியில் பூட்டாதீர்கள்.”