இஸ்ஃபஹானில் நேர் வாசல் இல்லை

ஈரானில் காஷான் என்ற ஊரின் பழைய தெரு ஒன்றில் ஒரு மரக்கதவின் முன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். தட்டுவதற்கு இரண்டு இரும்புகள் தொங்கின, ஒன்று கனத்த தண்டு, மற்றொன்று வளையம். தண்டு ஆண்களுக்கு, வளையம் பெண்களுக்கு. ‘டொம்’ என்றால் ஆண், ‘டிங்’ என்றால் பெண். யார் போய்க் கதவைத் திறப்பது என்று அந்தக் காலத்தில் சத்தத்தைக் கேட்டே வீட்டுக்குள் முடிவு செய்துகொள்வார்கள். இரண்டையும் மெதுவாகத் தட்டிப் பார்த்தேன். நல்லவேளை, யாரும் வரவில்லை.

அதே ஊரில் தபாதபாயி வீடு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு கம்பள வியாபாரிக்காக உஸ்தாத் அலி மர்யம் கட்டியது. இவ்வளவு பெரிய மாளிகையின் தெருப்பக்கம் வெறும் மண் நிறச் சுவர்தான். உள்ளே நுழைந்தால் முதலில் ஓர் எண்கோண முன்னறை. பெயர் ஹஷ்தி. பாரசீகத்தில் ‘ஹஷ்த்’ என்றால் எட்டு. நம் ‘அஷ்ட’த்துக்குச் சொந்தக்காரச் சொல். வந்தவர் இங்கே சற்று உட்காரலாம். இங்கிருந்து நடைவழி திரும்பித்தான் முற்றத்துக்குப் போகிறது. அதனால் கதவு அகலத் திறந்து கிடந்தாலும் தெருவில் போகிறவர் கண்ணுக்கு வீடு அகப்படாது. விருந்தாளிகளுக்கான பகுதி பீரூனி, குடும்பத்துக்கானது அந்தரூனி. அந்தப்புரத்தின் ‘அந்த’மும் இந்த ‘அந்தர்’தான் என்று பிடிபட்டபோது அந்த வீடு சட்டென்று நெருக்கமாகிவிட்டது.

பேருந்து நிலையத்துக்கு டாக்ஸி பிடித்தேன். இறங்கும்போது எவ்வளவு என்று கேட்டால், ஓட்டுநர் நெஞ்சில் கை வைத்து “காபெல் நதாரே” என்றார். ‘உங்களுக்கு முன்னால் இதெல்லாம் ஒரு பொருட்டா’ என்று அர்த்தம். எவ்வளவு நல்ல மனிதர் என்று நன்றி சொல்லி நாலடி நடந்திருப்பேன், பின்னால் ஹாரன் அலறியது. தஆரோஃப் என்கிற அந்த நாட்டு உபசாரம் அது. இரண்டு மூன்று முறை மறுப்பார்கள், நாமும் விடாமல் நீட்ட வேண்டும். வீட்டைக் கட்டியவர்களும் காசு வாங்குகிறவர்களும் ஒரே மாதிரிதான் வளைத்துப் போகிறார்கள் என்று அன்றைக்குத் தோன்றியது. இஸ்ஃபஹான் போனதும் அது இன்னும் உறுதியாயிற்று.

ஈரானை ஆண்ட ஷா அப்பாஸ் 1598-இல் தலைநகரை இஸ்ஃபஹானுக்கு மாற்றினார். அவர் அமைத்த நக்ஷ்-எ-ஜஹான் சதுக்கம் ஏறத்தாழ 560 மீட்டர் நீளம், 160 மீட்டர் அகலம். போலோ ஆட்டத்துக்கான கல் கம்பங்கள் இரு முனைகளிலும் இன்னும் நிற்கின்றன. தெற்கே 1611-இல் தொடங்கிய ஷா மசூதி, நீலம் நீலமாக, பிரம்மாண்டமாக இருக்கிறது. அதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்கு மனசில் நின்றது கிழக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய ஷேக் லுத்ஃபுல்லா மசூதி. 1603 முதல் 1619 வரை கட்டினார்கள். கட்டடக் கலைஞர் முகம்மது ரெஸா இஸ்ஃபஹானி. எழுத்தணி அலி ரெஸா அப்பாஸியுடையது. மினார் இல்லை, முற்றமும் இல்லை. குவிமாடமும் நீலமல்ல, பால் கலந்த மண் நிறம். அதுவும் வாசலுக்கு நேர் மேலே இல்லாமல் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. முதல் பார்வைக்கு யாரோ அளவு தப்பிவிட்டார்கள் என்றுதான் நினைப்போம்.

தப்பவில்லை. சதுக்கம் ஒரு திசையைப் பார்க்கிறது; மக்கா தென்மேற்கில் இருக்கிறது. சதுக்கத்தின் வரிசையைக் குலைக்கவும் கூடாது, தொழுகை திசை மாறவும் கூடாது. இரண்டையும் ஒரு நடைவழி தீர்த்துவைக்கிறது. வெயிலில் இருந்து உள்ளே வைத்த முதல் அடியிலேயே குளிர்ச்சி. கண் இருட்டுக்குப் பழகுவதற்குள் சுவர் திரும்புகிறது, பிறகு மறுபடியும். எந்தத் திசையில் இருக்கிறோம் என்பது மறந்துபோன நேரத்தில், மக்காவின் திசையைக் காட்டும் சுவர் மாடமான மிஹ்ராபுக்கு நேர் எதிரே கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது.

கூடம் சதுரம், மேலே வட்டம். சதுரத்தின் மூலைகளை வளைவுகளால் மடக்கி எட்டாக்கி, மேலே போகப் போக வட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். இந்த வித்தை இஸ்லாத்துக்கும் முந்தையது. மூன்றாம் நூற்றாண்டில் பாரசீக அரசர் முதலாம் அர்தஷீர் ஃபீரூஸாபாதில் கட்டிய அரண்மனையிலேயே, சதுர அறையின் மூலைகளை இப்படி மடக்கிக் குவிமாடம் ஏற்றியிருக்கிறார்கள். அரசர்கள் மாறினார்கள், மதமும் மாறியது. கொத்தனார்கள் மூலையை மடக்கும் வழியை மட்டும் விடவில்லை. இங்கே அந்த வளைவுகளின் ஓரமாக, முறுக்கிய கயிறு போல ஒரு நீல விளிம்பு தரையிலிருந்தே ஏறுகிறது. தொட்டுப் பார்க்க ஆசையாக இருந்தது. காவலர் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அண்ணாந்து பார்த்தால், குவிமாடத்தின் நடுவில் ஒரு மயில். உடம்பைத்தான் ஓட்டில் வரைந்திருக்கிறார்கள், தோகை கிடையாது. நுழையும் இடத்தில் நின்று பார்த்தால், சாளரம் வழியாக வரும் வெளிச்சம் நீண்டு விழுந்து அதற்குத் தோகையாகிறது. நான் இரண்டடி முன்னால் நகர்ந்தேன், மயில் தோகையை இழந்தது. பின்னால் வந்தேன், திரும்பி வந்தது. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையும் என் பக்கத்தில் இதையே செய்துகொண்டிருந்தான்.

மறுநாள் மறுபடி டிக்கெட் வாங்கினேன். அந்த நடை எத்தனை அடி என்று இந்த முறை எண்ணிவிட வேண்டும் என்று தீர்மானித்துதான் போனேன். இரண்டாவது திருப்பத்தில் எண்ணிக்கை விட்டுப்போயிற்று.