சொட்டு விழும் இடத்தை நம்பாதீர்கள்

காருக்கு அடியில் ஒரு கறை தெரிந்தால் போதும், யாராவது ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு "ஆயில் சீல் போயிருச்சு" என்று சொல்லிவிடுவார். ஆயில் சீல் என்பது சுழலும் தண்டைச் சுற்றி எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம். அவர் பார்த்தது சொட்டு விழுந்த இடத்தை மட்டும்தான். எண்ணெய் மேலே எங்கோ கசிந்து, இன்ஜினின் பக்கவாட்டில் இறங்கி, வண்டி ஓடும்போது காற்றில் பின்னால் தள்ளப்பட்டு, கடைசியில் ஏதோ ஒரு போல்ட்டின் முனையில் தொங்கித்தான் கீழே விழுகிறது. அதனால் லீக் எங்கே என்று தேடும்போது ஈரம் தெரியும் இடத்திலிருந்து மேலேயும் முன்னேயும் போக வேண்டும்.

மதுரை ஒத்தக்கடையில் இருக்கும் என் சித்தப்பாவின் பழைய மாருதிக்கு இதேதான் நடந்தது. "கியர்பாக்ஸ இறக்கணுமாம்ப்பா, வண்டிய விட்டுட்டுப் போகச் சொல்றாங்க" என்று போன் செய்தார். ஒரு ஒர்க்‌ஷாப்பில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் பின்பக்க ஆயில் சீல் என்று முடிவே செய்துவிட்டார்கள். வண்டியை எங்கள் வீட்டு ஷெட்டுக்குக் கொண்டுவரச் சொன்னேன். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஈரம் இருந்தது உண்மைதான், ஆனால் இன்ஜினின் மேல்மூடியான டேப்பெட் கவரின் பின் ஓரத்தில் விரலை விட்டுத் தடவினால் விரல் முழுக்க எண்ணெய். அங்கிருந்து வழிந்ததுதான் கீழே போய் ஆயில் சீல் வேஷம் போட்டிருக்கிறது.

இருந்தாலும் விரலில் பட்டதை வைத்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. முதல் வேலை சுத்தம் செய்வது. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரை பாலிதீன் பையால் மூடிவிட்டு, பிரஷை டீசலில் நனைத்துத் தேய்த்து, பழைய அழுக்கு முழுவதையும் துணியால் துடைத்து எடுத்து, டீசல் வாடை போகும்வரை காயவிட வேண்டும். ஈரத்தோடு ஸ்டார்ட் செய்தால் சைலன்ஸர் பைப் சூட்டில் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. பாலிதீனையும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். அப்புறம் சந்தேகப்படும் இடங்களில், பெல்ட் பக்கம் போகாமல், முகத்துக்குப் போடும் பவுடரையே லேசாகத் தூவிவிட்டு, வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பார்த்தால், கசிவு ஆரம்பிக்கும் இடத்தில் பவுடர் கருத்து நிற்கும். சித்தப்பா வண்டியில் டேப்பெட் கவர் ஓரத்தில் மட்டும் கருப்புக் கோடு, அதற்குக் கீழேதான் வழிசல்.

எந்தத் திரவம் என்று கண்டுபிடிக்க, ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்துவிடுங்கள். பழுப்பாகவோ கருப்பாகவோ வழவழவென்று இருந்தால் இன்ஜின் ஆயில். அழுகிய முட்டை போல வாடை வந்தால் கியர் ஆயில். பச்சை, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு என்று ஏதாவது ஒரு நிறத்தில் பிசுபிசுப்போடு இனிப்பு வாடை அடித்தால் கூலண்ட், அதாவது இன்ஜின் சூட்டைத் தணிக்கும் திரவம். இதைத் தரையில் அப்படியே விடாதீர்கள், தெருநாய் நக்கினால் செத்துப்போகும், தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவுங்கள். நிறமும் வாடையும் இல்லாத வெறும் தண்ணீர் முன்பக்கம் சொட்டினால் அது ஏசி தண்ணீர், மதுரை வெயிலில் சொட்டாவிட்டால்தான் யோசிக்க வேண்டும்.

கூலண்ட் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். அளவு குறைகிறது என்று போர் தண்ணீரை ஊற்றும் பழக்கம் இங்கே நிறையப் பேருக்கு இருக்கிறது. நம் பக்கத்து உப்புத் தண்ணீர் ரேடியேட்டருக்குள் படிந்து குழாய்களை அடைத்துவிடும். கூலண்டில் கலக்க பேட்டரி வாட்டர் வாங்குங்கள், பாதிக்குப் பாதி போதும். ஹோஸ் கிளிப் ஓரத்திலோ வாட்டர் பம்ப்பின் சின்னத் துளைக்குக் கீழேயோ காய்ந்த உப்புத் தடம் இருந்தால் லீக் அங்கேதான். இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே தொடாதீர்கள்.

பிரேக் ஆயில் மட்டும் வேறு விஷயம். சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருந்து, பிரேக் ஆயில் டப்பாவில் அளவும் குறைந்திருந்தால், அந்த வண்டியை எடுக்கக் கூடாது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சக்கூடியது, அது கொதித்துவிட்டால் பிரேக் சரியாகப் பிடிக்காது. டாட் 3 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். கொடைக்கானல் இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் உயிர் விஷயம்.

டேப்பெட் கவரைக் கழற்றினால் ரப்பர் பேக்கிங் பிளாஸ்டிக் மாதிரி விறைத்து உடைந்துவந்தது. சிம்மக்கல் பக்கம் ஸ்பேர் கடையில் பழைய பேக்கிங்கைக் காட்டி அதே மாடலுக்கு வாங்கினோம். அலுமினியப் பரப்பை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டாதீர்கள், கீறல் விழுந்தால் அதுவே புது லீக். போல்ட்டுகளை ஒரே மூச்சில் இறுக்காமல், மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இந்த மாதிரி சின்ன போல்ட்டுக்கு இறுக்கும் அளவு பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டர் பக்கம்தான் வரும், சரியான அளவை மேனுவலில் பாருங்கள். இவ்வளவு செய்தும் வேறு வேறு இடத்தில் கசிந்தால், இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், உள்ளே அழுத்தம் ஏறினால் எந்தப் பேக்கிங்கும் நிற்காது.

அடியில் போய்ப் பார்க்க வேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள். ஸ்டாண்டு வைத்து, தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியைத் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆயில் மாற்றினால் கழிவு ஆயிலை வாய்க்காலில் ஊற்றாமல் கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

பின்பக்க ஆயில் சீல்தான் என்று உறுதியாகிவிட்டால் அது வீட்டு ஷெட்டில் செய்கிற வேலை இல்லை, கியர்பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும். அப்போதும் பவுடர் தூவி எடுத்த போட்டோவைக் கையோடு கொண்டுபோங்கள், மெக்கானிக் அண்ணனிடம் எங்கிருந்து வருகிறது என்று காட்டிவிட்டு அப்புறம் சாவியைக் கொடுங்கள்.