எடைமேடை அறை, ஜூன் – ஜூலை

ஜூன் 4
என் ஆன்ம வழிகாட்டி ஃபாதருக்கு இன்று டயாலிசிஸ். போன் எடுக்கவில்லை.

ஜூன் 6
இரவு ஷிப்ட். பெங்களூரா மாங்காய் வரத்து அதிகம், லாரிகள் மெயின் ரோடு வரை நிற்கின்றன. ஒரு டிரைவர் எடைச்சீட்டு வாங்கிய பிறகும் போகவில்லை. என்ன சொன்னார் என்று இங்கே எழுத மாட்டேன். நான் பேசியது கொஞ்சம்தான். கிளம்பும்போது, "உங்ககிட்ட பேசினா நல்லா இருக்குதுங்ணா" என்றார். உடனே ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், அதுதான் பிரச்சினை. அது அவருக்காக வந்ததா, எனக்காகவா?

ஜூன் 9, ஞாயிறு
பிரசங்கம் தொடங்கியதும் ஆண்கள் பாதிப்பேர் வெளியே பைக் பக்கம் வந்துவிடுகிறார்கள். பெண்களுக்கு மரியாயின் சேனை, செபமாலைக் கூட்டம் எல்லாம் இருக்கிறது. நமக்குப் பந்தல் போடுவது, தேர் தூக்குவது, திருவிழாக் கணக்கு. 'எப்படி ஜெபிக்கிறாய்' என்று இவர்களை யாராவது கேட்டிருப்பார்களா? என்னை ஃபாதர்தான் கேட்டார், நாற்பது வயதுக்குமேல்.

ஜூன் 13
அந்தோணியார் திருநாள். பூசைக்குப் போனேன், மனம் இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியாரிடம் இருந்தது. 1521இல் பம்ப்லோனாவில் குண்டு பட்டுக் கால் முறிந்து, லொயோலாவில் படுத்துக்கிடந்தவர். வீரசாகசங்களை நினைத்தால் அந்த நேரத்துக்கு இனிக்கும், பிறகு வறண்டுவிடும். புனிதர்கள் பிரான்சிஸ், தோமினிக் மாதிரி வாழ்வதாக நினைத்தால் இனிப்பு பிறகும் தங்கும். இந்த வித்தியாசத்தைக் கவனித்ததில்தான் எல்லாமே தொடங்கியது. நானும் என் சந்தோஷத்தைப் பரிசோதித்தேன். மறுநாள் காலையில் டிரைவருக்காக வேண்டிக்கொள்ளத் தோன்றியது, பாராட்டு நினைவில் இல்லை. அதற்கடுத்த நாள் பாராட்டு மட்டும் திரும்பி வந்தது. கணக்கு டேலி ஆகவில்லை.

ஜூன் 14
மழை. லாரி இல்லை. ஜெபமும் இல்லை.

ஜூன் 18
எலத்தகிரிப் பக்கத்துப் பையன் வந்தான். குருவாகப் படிக்கக் குருமடமா, ஓசூர் கம்பெனி வேலையா? "நீங்களே சொல்லிடுங்க மாமா" என்கிறான். இஞ்ஞாசியாரின் 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில் வழிகாட்டிக்கென்று ஒரு குறிப்பு இருக்கிறது, 15ஆவது: எந்தப் பக்கமும் சாயாமல் தராசு முள்ளைப்போல நடுவில் நில், படைத்தவரே அந்த ஆளோடு நேராகப் பேசட்டும். எங்கள் எடைமேடையில் முள் ஏது, சிவப்பு எண்தான். ஆனால் டிரைவர் கேபினிலேயே இருந்தால் அவர் எடையும் சேர்ந்து விழும், இறங்கச் சொல்வோம். பையன் பேசப் பேச, 'குருமடம் போடா' என்பது என் நாக்கு நுனியில் நின்றது. சொல்லவில்லை. "கம்பெனி கேட்டுக்குள் போவதாக நினைத்துப் பார், குருமடத்துக்குள் போவதாகவும் நினைத்துப் பார், ஒரு வாரம் கழித்து வா" என்று அனுப்பினேன்.

ஜூன் 20
பங்குச்சாமியிடம் பேசினேன். பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்பதுதான் குருக்களுக்கு மட்டும் உரியது, ஆன்ம வழிகாட்டியாக இல்லறத்தாரும் இருக்கலாம் என்றார். இன்னொன்றும் சொன்னார். குருமடத்தில் ஒருவனுக்குக் குருப்பட்டம் கொடுக்கலாமா என்று முடிவெடுக்கும்போது அவனுடைய ஆன்ம வழிகாட்டியிடம் கருத்துக் கேட்கக்கூடாதாம், திருச்சபைச் சட்டம் 240. அது எனக்குப் பிடித்திருந்தது. நம்பிச் சொன்னது வெளியே போகாது.

ஆன்ம வழிகாட்டிகளுக்கான பயிற்சிக்கு விண்ணப்பம் கொடுத்தார். கடைசிப் பக்கத்தில் என் ஆன்ம வழிகாட்டியின் கடிதம் வேண்டும். படுத்திருக்கும் மனிதரிடம் போய் எனக்குச் சான்றிதழ் எழுதிக் கொடுங்கள் என்பதா?

ஜூன் 23
"கேக்கலாம்னா கேளுங்க, இல்லைன்னா விடுங்க. நைட்ல லைட்டப் போட்டு அந்தப் பேப்பரையே பாக்காதீங்க." வீட்டம்மா.

ஜூன் 26
பெங்களூர். ஃபாதர் பாதித் தூக்கத்தில் இருந்தார். கண் திறந்ததும், "காய் விலை எப்படி?" சொன்னேன். "அந்தப் பையன்?" இன்னும் வரவில்லை என்றேன். "நீ?" பை மடியில் இருந்தது, விண்ணப்பம் அதற்குள். "நல்லா இருக்கேன் ஃபாதர்" என்றேன். அதைக் கேட்டாரா, தூங்கிவிட்டாரா தெரியவில்லை.

ஜூன் 27
கிழித்துப் போடலாம் என்றிருக்கிறது. முன்பு எடுத்த முடிவை மனம் வறண்ட நேரத்தில் மாற்றாதே என்பதும் இஞ்ஞாசியார் சொன்னதுதான். பீரோவில் வைத்துவிட்டேன்.

ஜூலை 2
டிரைவர் இன்னொருவரைக் கூட்டி வந்திருக்கிறார். "இவனும் பேசணுங்கறான்ணா." வெளியே ஹாரன், சூப்பர்வைசர் கத்துகிறார். ரெண்டு மணிக்கு மேல் வரச் சொல்லியிருக்கிறேன். மீதி நாளைக்கு.